யன்னல் ஏசியை ஜெனரேட்டரில் இயக்க நினைக்கும் கொழும்பு வீடுகளுக்கு

2022 மார்ச் கடைசியில் நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரை மின்சாரம் நின்றது. அப்போது என் அப்பா பக்கவாதத்தால் படுக்கையில் இருந்தார். முதுகில் படுக்கைப்புண். வியர்வை ஊறினால் புண் ஆறாது, அறையை எப்படியாவது குளிராக வைத்திருங்கள் என்று மருந்து கட்ட வந்த தாதி ஒவ்வொரு நாளும் சொல்லிவிட்டுப் போவார். அப்பாவின் அறையில் பழைய 9,000 பீ.ரீ.யூ. யன்னல் ஏசி ஒன்று இருந்தது. ஒரு சிறிய ஜெனரேட்டர் வாங்கினால் போதும் என்று நினைத்தோம்.

வாங்கிய இயந்திரம் ஏசியைத் தூக்கவில்லை. இரண்டாவது இயந்திரம் தூக்கியது, ஆனால் கம்பி சுட்டது. கம்பியை மாற்றிய மூன்றாம் நாள் அம்மாவுக்குத் தலையிடியும் குமட்டலும் வந்தன. புகை அறைக்குள் வந்துகொண்டிருந்ததை அதன் பிறகுதான் கண்டுபிடித்தோம். எல்லாவற்றையும் சரிசெய்து முடிக்க ஐந்து மாதம் எடுத்தது. கீழே இருக்கும் ஒழுங்கில் போயிருந்தால் இரண்டு வாரத்தில் முடித்திருப்போம், ஒரு ஜெனரேட்டரின் காசும் மிஞ்சியிருக்கும்.

இந்த ஒழுங்கை மாற்றாதீர்கள். கடைக்குப் போவது நான்காவது படி, அதற்கு முன் எல்லாவற்றையும் ஒரு முறை படித்துவிடுங்கள்.

1. முதலில் இடத்தைப் பாருங்கள்

பெற்றோல் இயந்திரத்தின் புகையில் கார்பன் மொனொக்சைட்டு இருக்கிறது. அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. இரத்தத்தின் ஹீமோகுளோபினோடு அது ஒட்சிசனைவிட 200 மடங்குக்கும் மேலான பற்றோடு ஒட்டிக்கொள்ளும். நித்திரையில் இருப்பவர் விழிக்காமலே போய்விடலாம். ஆகவே எந்த யன்னலில் இருந்தும் கதவில் இருந்தும் குறைந்தது 6 மீற்றர், அதாவது 20 அடி தள்ளி, திறந்த வெளியில்தான் இயந்திரம் நிற்க வேண்டும். புகைக்குழாய் வீட்டுக்கு முதுகு காட்ட வேண்டும்.

அளவுநாடாவை எடுத்துக்கொண்டு வளவுக்குள் இறங்குங்கள். கொழும்பில் 6 பேர்ச் காணி என்றால் ஏறக்குறைய 150 சதுர மீற்றர். அதில் வீடு போக எஞ்சுவது முன்பக்கத்தில் ஒரு வாகனம் நிற்கும் இடமும் பின்பக்கத்தில் ஓர் ஒடுங்கிய இடைவெளியும். உங்கள் யன்னலில் இருந்து 6 மீற்றர் தள்ளினால் பக்கத்து வீட்டாரின் குசினி யன்னலுக்கு 2 மீற்றரில் போய் நிற்கும். அவர்களின் யன்னலுக்கும் அதே 6 மீற்றர்தான். இப்படி ஓர் இடம் உங்கள் வளவில் கிடைக்கவில்லை என்றால் இந்தத் திட்டத்தை இங்கேயே கைவிடுங்கள். மனம் கேட்காதுதான், எனக்கும் கேட்கவில்லை. ஆனால் இதற்குக் குறுக்குவழி கிடையாது.

தொடர்மாடியில் இருப்பவர்களுக்குப் பதில் இன்னும் சுருக்கமானது: வேண்டாம். பல்கனியில் வைத்துக் கதவை மூடினாலும் புகை உள்ளே வரும், மேல்மாடிக்காரரின் அறைக்கும் போகும். கட்டடத்தின் பொது ஜெனரேட்டரில் இருந்து உங்கள் வீட்டுக்கு ஒரு ப்ளக் பொயின்ட் தர முடியுமா என்று முகாமைத்துவக் கூட்டுத்தாபனத்திடம் எழுத்தில் கேளுங்கள். பல கட்டடங்களில் அது லிப்டுக்கும் தண்ணீர்ப் பம்புக்கும் நடைபாதை விளக்குகளுக்கும் மட்டும் கொடுக்கப்பட்டிருக்கும். நோயாளி இருக்கும் வீடு என்று மருத்துவரின் கடிதத்தோடு கேட்டுப் பார்ப்பதில் தவறில்லை.

எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன், ஏனென்றால் யன்னல் ஏசி இருக்கும் எல்லா வீட்டுக்கும் இது பொருந்தும். ஜெனரேட்டரை அப்பாவின் அறையில் இருந்து 4 மீற்றரில், மதில் மூலையில் வைத்திருந்தோம். யன்னல் ஏசியில் காற்றோட்டத்துக்கு ஒரு சிறு நெம்பு இருக்கும். அதைத் திறந்துவிட்டால் ஏசி அறையின் காற்றில் ஒரு பங்கை வெளியே தள்ளும். வெளியேறிய காற்றுக்கு ஈடாக வெளிக்காற்று ஏதாவது இடுக்கால் உள்ளே வரும். எங்கள் ஏசியைச் சுற்றி யன்னல் சட்டத்தில் அடைத்திருந்த பலகைக்கும் சுவருக்கும் நடுவே விரல் நுழையும் இடுக்கு இருந்தது. மதில் மூலையில் தேங்கிய புகை அதன் வழியாக வந்திருக்கிறது. அம்மா அப்பாவின் கட்டிலருகில் கதிரையில் இருந்தபடி மூன்று மணி நேரம் அதைச் சுவாசித்திருக்கிறார்.

ஆகவே ஜெனரேட்டர் ஓடும்போது அந்த நெம்பு மூடியே இருக்க வேண்டும். ஏசியைச் சுற்றியுள்ள இடுக்குகளை அடைத்துவிடுங்கள். பற்றரியில் இயங்கும் கார்பன் மொனொக்சைட்டு எச்சரிக்கைக் கருவி ஒன்றை வாங்கி, ஆள் படுக்கும் அறையில் வையுங்கள். சாதாரண புகை எச்சரிக்கைக் கருவி இந்த வேலையைச் செய்யாது. வாங்கும்போது கேட்டு வாங்குங்கள். யாருக்காவது தலையிடி, தலைச்சுற்று, குமட்டல் வந்தால் உடனே எல்லோரையும் வெளியே கொண்டுவாருங்கள். வெளியே வந்த பிறகு 1990 சுவசெரிய அம்புலன்சை அழையுங்கள்.

காற்றின் திசையையும் கணக்கில் எடுங்கள். மே முதல் செப்ரெம்பர் வரை தென்மேல் பருவக்காற்று கடற்பக்கத்தில் இருந்து வீசும். டிசம்பரில் இருந்து பெப்ரவரி வரை வடகீழ்க் காற்று. வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி ஒழுங்கைகளில் ஜூனில் புகை காலி வீதிப் பக்கம் போகும், ஜனவரியில் கடற்கரைப் பக்கம் திரும்பும். ஜூனில் நல்லதாக இருந்த இடம் ஜனவரியில் கெட்டதாகிவிடும். இரண்டு பருவத்துக்கும் பொருந்தும் இடமாகப் பாருங்கள், இல்லாவிட்டால் இரண்டு இடங்களைத் தீர்மானித்து வையுங்கள்.

மழை நேரடியாக விழக்கூடாது, ஆனால் மூடிய கொட்டிலும் கூடாது. நான்கு பக்கமும் திறந்த ஒரு தகரக் கூரை போதும். இயந்திரத்தைச் சுற்றி 1 மீற்றர் வெளி இருக்கட்டும்.

2. உங்கள் ஏசியின் தகட்டைப் படியுங்கள்

ஏசியின் முன்பக்க மூடியைக் கழற்றினால் அல்லது பக்கவாட்டில் பார்த்தால் ஒரு தகடு இருக்கும். கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். நீங்கள் தேடவேண்டியவை: வோல்ற்றளவு, அதிர்வெண், வாற்று, அம்பியர். இலங்கைக்கு 230 வோல்ற்று, 50 ஹேர்ட்ஸ்.

9,000 பீ.ரீ.யூ. என்பது குளிர்விக்கும் அளவு. அதை வாற்றாக மாற்றினால் ஏறக்குறைய 2,640 வரும். இதைப் பார்த்துப் பயந்து பெரிய இயந்திரம் வாங்குபவர்கள் இருக்கிறார்கள். ஏசி உள்ளெடுக்கும் மின்சாரம் அதில் மூன்றில் ஒரு பங்குதான்: 9,000 பீ.ரீ.யூ. ஏசிக்கு 800 முதல் 900 வாற்று, 12,000க்கு 1,100 முதல் 1,250 வாற்று, 18,000க்கு 1,700 முதல் 1,900 வாற்று என்ற அளவில் இருக்கும். பழைய ஏசி சற்றுக் கூட எடுக்கும்.

இந்த எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு கடைக்குப் போனதுதான் எங்கள் முதல் பிழை. 900 வாற்று ஏசிக்கு 2,000 வாற்று ஜெனரேட்டர் தாராளம் என்று கணக்குப் போட்டோம். கடைக்காரரும் தலையாட்டினார். வீட்டில் பூட்டி ஏசியைப் போட்டபோது மின்விசிறி சுற்றியது. கொம்ப்ரசர் பிடிக்கும் கணத்தில் இயந்திரம் ஒரு முறை முனகி நின்றுவிட்டது.

3. தொடக்க மின்னோட்டத்தை அளக்கச் செய்யுங்கள்

கொம்ப்ரசருக்குள் இருக்கும் மோட்டார் நின்ற நிலையில் இருந்து சுழலத் தொடங்கும்போது, ஓடும்போது எடுப்பதைப்போல நான்கு முதல் ஆறு மடங்கு மின்னோட்டத்தை இழுக்கும். ஒரு வினாடிக்கும் குறைந்த நேரம்தான். 4 அம்பியரில் ஓடும் ஏசி அந்தக் கணத்தில் 20 அம்பியர் கேட்கும். மின்சார சபையின் இணைப்பில் இருக்கும்போது நாம் இதைக் கவனிப்பதே இல்லை, விளக்கு ஒரு தரம் கண்சிமிட்டுவதோடு சரி. சிறிய ஜெனரேட்டரிலோ வோல்ற்றளவு சட்டென்று விழும். விழுந்த வோல்ற்றளவில் மோட்டாரால் சுழல முடியாது. சுழலாத மோட்டார் இன்னும் இழுக்கும். அப்படியே இயந்திரம் அடங்கிப்போகும், அல்லது ஏசியின் காப்பு ஆளி வெட்டிவிடும்.

தகட்டில் எல்.ஆர்.ஏ. என்று ஓர் எண் போட்டிருந்தால் அதுதான் இந்தத் தொடக்க அம்பியர். யன்னல் ஏசியில் அது கொம்ப்ரசரின் மேலேயே ஒட்டப்பட்டிருக்கும், கூட்டைக் கழற்றினால்தான் தெரியும். இல்லாவிட்டால் ஏசி திருத்துபவர் ஒருவரைக் கூப்பிட்டு, உச்ச அளவைப் பிடித்துவைக்கும் கவ்வி மீற்றரால் அளக்கச் சொல்லுங்கள். கவ்வி ஒரே கம்பியைச் சுற்றி இருக்க வேண்டும். முழு வயரையும் சேர்த்துக் கவ்வினால் போகும் ஓட்டமும் வரும் ஓட்டமும் ஒன்றையொன்று கழித்துப் பூச்சியம் காட்டும்.

அவர் வந்த வேளையில் ஏசியைச் சுத்தமும் செய்வித்துவிடுங்கள். பின்பக்கச் சுருளில் தூசியும் கடற்காற்றின் உப்பும் படிந்த ஏசி கூடுதலாக இழுக்கும். கொம்ப்ரசர் சுழலத் தொடங்க உதவும் கப்பாசிட்டர் களைத்திருந்தால் தொடக்கம் இன்னும் கடினமாகும். எங்கள் ஏசியில் கப்பாசிட்டரை மாற்றியதே பாதி வேலையைச் செய்தது. செலவும் மிகக் குறைவு. அதைத் தாண்டியும் தொடக்கம் கடினமாக இருந்தால் மென்தொடக்கி என்று ஒரு சிறு மின்னணுப் பெட்டி இருக்கிறது. அது மோட்டாரைப் படிப்படியாகச் சுழலவைத்துத் தொடக்க மின்னோட்டத்தை அரைவாசிக்கும் கீழே கொண்டுவரும். அதன் விலையையும் ஒரு படி பெரிய ஜெனரேட்டர் வாங்கும் விலையையும் ஒப்பிட்டு முடிவெடுங்கள்.

இன்வேர்ட்டர் வகை ஏசி வைத்திருப்பவர்களுக்கு இந்தத் தொல்லை பெரும்பாலும் இல்லை. அது மெதுவாகவே தொடங்கும்.

4. இயந்திரத்தைத் தெரிவு செய்தல்

வன்பொருள் கடைகள் நிறைந்த பழைய சோனகத் தெரு, குவாரி வீதிப் பக்கம் ஒரு நாள் காலையில் போய் வெறுமனே விலை கேட்டுக்கொண்டு வாருங்கள். காசு கொண்டுபோகாதீர்கள்.

என் அனுபவத்தில் மென்தொடக்கி இல்லாத 9,000 பீ.ரீ.யூ. ஏசிக்குச் சாதாரண வகையில் 3 கே.வீ.ஏ. (ஜெனரேட்டரின் அளவைச் சொல்லும் கிலோவோல்ற் அம்பியர்) வேண்டும். 12,000க்கு 4 முதல் 5 கே.வீ.ஏ. வரை பாருங்கள். 18,000க்கு 6 கே.வீ.ஏ. பக்கம் போகவேண்டும்; அந்த அளவில் எரிபொருள் செலவைக் கேட்டால் பலர் ஆசையை விட்டுவிடுவார்கள். அறையைச் சிறிதாக்கி 9,000 ஏசி பூட்டுவது மலிவு.

கடையில் கவனிக்க வேண்டியவை சில. பெட்டியின் மேல் பெரிதாக அச்சடித்திருக்கும் எண் உச்ச வலு. இயந்திரம் அதைச் சில நிமிடம்தான் தாங்கும். தகட்டில் சிறிய எழுத்தில் தொடர்வலு இருக்கும், நீங்கள் நம்பவேண்டியது அதை. கே.வீ.ஏ. என்பதும் கிலோவாற்று என்பதும் ஒன்றல்ல. பொதுவாகக் கிலோவாற்று எண் சிறிதாக இருக்கும். வோல்ற்றளவைத் தானாகச் சீராக்கும் ஏ.வீ.ஆர். உள்ளதா என்று கேளுங்கள். சுருளில் செம்பா அலுமினியமா என்றும் கேளுங்கள். ஒரே கே.வீ.ஏ. போட்ட இரண்டு இயந்திரங்களில் எடை கூடிய ஒன்று பெரும்பாலும் தொடக்கத்தை நன்றாகத் தூக்கும்.

ஜப்பானில் பாவித்து மீள்சீரமைத்த இயந்திரங்கள் நல்ல தோற்றத்தில், பாதி விலையில் கண்ணில் படும். அங்கே மின்சாரம் 100 வோல்ற்று. மின்மாற்றி பூட்டித் தருகிறோம் என்பார்கள். தொடக்க மின்னோட்டத்தை அந்த மின்மாற்றியும் சேர்ந்து தாங்க வேண்டும் என்பதை யாரும் சொல்லமாட்டார்கள். விட்டுவிடுங்கள்.

சுமைக்கேற்பத் தன் வேகத்தை மாற்றிக்கொள்ளும் இன்வேர்ட்டர் ஜெனரேட்டர் அமைதியானது, பெற்றோலும் குறைவாகக் குடிக்கும், விலை பல மடங்கு. தொடக்கத்தைத் தாங்கும் சக்தி அதில் குறைவு. 2 கே.வீ.ஏ. இன்வேர்ட்டர் ஜெனரேட்டர் வாங்குவதென்றால் மென்தொடக்கியோடு சேர்த்துத் திட்டமிடுங்கள். அதில் இருக்கும் சிக்கன ஆளியை ஏசி ஓடும்போது அணைத்துவையுங்கள். இல்லாவிட்டால் மெதுவாக ஓடிக்கொண்டிருக்கும் இயந்திரம் கொம்ப்ரசர் பிடிக்கும்போது வேகம் எடுக்கமுன்பே நின்றுவிடும்.

5. வாங்கும் நாளில் தாள்கள்

இயந்திரத்தின் தொடரிலக்கம் எழுதிய பற்றுச்சீட்டு, கடை முத்திரையும் திகதியும் இட்ட உத்தரவாத அட்டை, பாவனைக் கையேடு. மூன்றும் கையில் வராமல் காசைக் கொடுக்காதீர்கள். எங்கள் முதல் இயந்திரத்தின் பற்றுச்சீட்டில் "ஜெனரேட்டர் 1" என்று மட்டும் எழுதியிருந்தார்கள். திருப்பிக் கொடுக்கப் போனபோது அது எந்த இயந்திரம் என்று நிறுவ முடியவில்லை.

இன்னொரு வரியையும் பற்றுச்சீட்டில் எழுதச் சொல்லுங்கள்: இத்தனை பீ.ரீ.யூ. ஏசியை இயக்கத் தவறினால் இத்தனை நாளுக்குள் மாற்றித் தரப்படும். எழுத மறுத்தால் அடுத்த கடை. உத்தரவாதம் கடையுடையதா முகவருடையதா, உதிரிப்பாகம் கொழும்பில் கிடைக்குமா என்பதையும் அப்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.

வாடகை வீடு என்றால் வீட்டு உரிமையாளரின் எழுத்துச் சம்மதம் வேண்டும், முக்கியமாக மின்னிணைப்பில் கைவைக்கப் போகிறீர்கள் என்றால்.

புதிய ஜெனரேட்டர் பெரும்பாலும் எண்ணெய் இல்லாமல்தான் பெட்டியில் வரும். எண்ணெய் ஊற்றாமல் கயிற்றை இழுக்காதீர்கள்.

6. கம்பியும் இணைப்பும்

இலகுவான வழி: ஜெனரேட்டரில் இருந்து ஒரு நீட்டிப்புக் கம்பி, அதன் முனையில் ஏசி. வீட்டு வயரிங்கோடு எந்தத் தொடர்பும் இல்லை. ஓர் ஏசிக்கும் ஒரு விளக்குக்கும் இதுவே போதும். நாங்கள் முதலில் இப்படித்தான் தொடங்கினோம்.

ஆனால் அந்தக் கம்பியை வீட்டில் கிடந்த மெல்லிய கம்பியில் இருந்து எடுத்தோம். 0.75 சதுர மில்லிமீற்றர் செம்புக் கம்பி, 15 மீற்றர் நீளம். அதில் 25 அம்பியர் ஒரு கணம் பாயும்போது 18 வோல்ற்று வரை கம்பியிலேயே இழக்கப்படும். ஜெனரேட்டரில் ஏற்கெனவே விழுந்த வோல்ற்றளவோடு இதுவும் சேர்ந்தால் கொம்ப்ரசர் முனகும். 2.5 சதுர மில்லிமீற்றர் கம்பி என்றால் அதே நீளத்துக்கு இழப்பு 6 வோல்ற்றுக்குள். மூன்று கம்பி உள்ள, மேலுறை தடித்த, நிலக்கம்பி உட்பட்ட வயர் வாங்குங்கள். சுருளில் சுற்றிய நீட்டிப்புக் கம்பியானால் முழுவதையும் அவிழ்த்துப் போடுங்கள். சுற்றியபடி விட்டால் சூடு வெளியேறாமல் உறை உருகும். முனைகளில் பழைய உருண்டை முள் ப்ளக், புதிய 13 அம்பியர் சதுர முள் ப்ளக், இரண்டுக்கும் நடுவே ஒரு மாற்றி என்று அடுக்காதீர்கள். எங்கள் கம்பி சுட்ட இடம் அந்த மாற்றிதான். ஒரே வகை ப்ளக்கை இரு முனையிலும் போடுவியுங்கள்.

வீட்டு வயரிங் வழியாகவே வேண்டும் என்றால் மாற்று ஆளி பூட்டத்தான் வேண்டும். கடையில் சேஞ்ச் ஓவர் சுவிட்ச் என்று கேளுங்கள். மின்சார சபையின் பக்கமோ ஜெனரேட்டர் பக்கமோ, ஒரு நேரத்தில் ஒன்றுதான் வீட்டோடு இணையும். உயிர்க்கம்பி, நடுநிலைக்கம்பி இரண்டையும் சேர்த்து மாற்றும் இருமுனை ஆளியாக இருக்கட்டும்.

இதைத் தவிர்க்க இரண்டு முனையிலும் ஆண் ப்ளக் பூட்டிய கம்பி ஒன்றைச் செய்து, ஜெனரேட்டரில் இருந்து சுவர் ப்ளக் பொயின்டுக்குள் குத்தும் வழக்கம் கொழும்பில் இருக்கிறது. எங்கள் ஒழுங்கையிலேயே பார்த்தேன். மெயின் சுவிட்சை அணைக்க மறந்தால் அந்த மின்சாரம் மீற்றர் வழியாக வெளியே போய், தெரு மின்மாற்றியில் தலைகீழாக ஏறி 11,000 வோல்ற்றாகும். மின்சாரம் இல்லை என்று நம்பி வேலை செய்யும் ஊழியர் அதைத் தொடுவார். எங்கள் மின்னியலாளர் வயதானவர், இந்த வேலையில் 30 வருடம் இருந்தவர். "மகள், அந்தக் கம்பி இருக்கும் வீட்டில் நான் வேறு எந்த வேலையும் செய்யமாட்டேன்" என்றார். உங்கள் வீட்டில் இருந்தால் இன்றைக்கே வெட்டி எறியுங்கள்.

மின்னியலாளரிடம் கேட்கவேண்டிய ஒரு கேள்வி உண்டு. கையில் தூக்கக்கூடிய ஜெனரேட்டர்கள் பலவற்றில் நடுநிலைக்கம்பி நிலத்தோடு தொடுக்கப்பட்டிருக்காது. அந்த நிலையில், மின்சாரம் கசிந்தால் இணைப்பை வெட்டவேண்டிய வீட்டு ட்ரிப் சுவிட்ச் எதிர்பார்த்தபடி வெட்டாது. ட்ரிப் சுவிட்சில் உள்ள சோதனைப் பொத்தானை அழுத்தினால் அப்போதும் வெட்டும், அதைப் பார்த்து ஏமாந்துவிடக்கூடாது. "ஜெனரேட்டரில் ஓடும்போது ட்ரிப் சுவிட்ச் வேலை செய்யும்படி நிலத்தொடுப்பு செய்து, கருவியால் சோதித்துக் காட்டுவீர்களா?" என்று கேளுங்கள். கேள்வி விளங்காதவரிடம் வேலையைக் கொடுக்காதீர்கள். தேசியத் தொழிற் தகைமைச் சான்றிதழ் உள்ளவரா என்றும் பாருங்கள்.

எங்களுக்கு மாற்று ஆளி, கம்பி, நிலக்கோல், கூலி எல்லாம் சேர்த்து ஜெனரேட்டர் விலையில் ஐந்தில் ஒரு பங்கு முடிந்தது. ஒரு நாள் வேலை, ஆனால் நல்ல மின்னியலாளருக்கு இரண்டு வாரம் காத்திருந்தோம். மின்வெட்டு தொடங்கிய பிறகு தேடினால் இன்னும் நீளும்.

7. பெற்றோல்

எங்கள் 3 கே.வீ.ஏ. இயந்திரம் ஓர் ஏசியையும் இரண்டு விளக்கையும் தாங்கி மணிக்கு 0.9 லீற்றர் அளவில் எரிக்கிறது. 2025இல் 92 ஒக்டேன் பெற்றோல் லீற்றர் 300 ரூபாயை ஒட்டி இருந்தது. ஆகவே அப்போது ஒரு மணி நேரக் குளிருக்கு 270 ரூபாய். ஐந்து மணி நேர வெட்டென்றால் 1,350 ரூபாய். ஒரு மாதத்துக்குப் பெருக்கிப் பார்த்துவிட்டு வாங்குங்கள். விலை வழக்கமாக மாதக் கடைசியில் திருத்தப்படுவதால் அதற்கு முன் எரிபொருள் நிலையங்களில் வரிசை கூடலாம்.

2022இல் எரிபொருள் இல்லாமல் போனபோது கான்களில் பெற்றோல் கொடுப்பதை நிறுத்தினார்கள். ஜெனரேட்டர் இருந்தும் நாங்கள் பல நாள் அதை இயக்கவில்லை. மின்வெட்டும் பெற்றோல் தட்டுப்பாடும் கைகோத்து வரக்கூடியவை என்பதால் ஏசியை ஒரே நம்பிக்கையாக வைத்திருக்கக்கூடாது. 50 அல்லது 60 வாற்று மின்விசிறியை இரவு முழுவதும் ஓட்டக்கூடிய ஒரு பற்றரி இன்வேர்ட்டர் பக்கத்தில் இருக்கட்டும். அப்பாவை அந்த நாள்களில் காப்பாற்றியது அதுதான்.

வீட்டில் 10 லீற்றருக்கு மேல் வைக்காதீர்கள். பெற்றோலுக்கென்று செய்த கானில், வீட்டுக்கு வெளியே, நிழலில், சமையல் வாயு சிலிண்டரில் இருந்து தள்ளி. தண்ணீர்ப் போத்தலில் ஒருபோதும் வேண்டாம், பிள்ளைகள் இருக்கும் வீடு. எரிபொருள் நிலையத்தில் கானைத் தரையில் வைத்து நிரப்பச் சொல்லுங்கள். ஓடிக்கொண்டிருக்கும் இயந்திரத்துக்கு ஊற்றக்கூடாது. அணைத்து 15 நிமிடம் ஆறவிட்டு ஊற்றுங்கள்.

8. இயக்கும் ஒழுங்கு

நேரம் அறிவித்த வெட்டு என்றால் ஒரு மணி நேரத்துக்கு முன்பே அறையை மின்சார சபையின் மின்சாரத்தில் நன்றாகக் குளிரவிட்டு, கதவையும் திரையையும் மூடுங்கள். முதல் முக்கால் மணி நேரம் ஜெனரேட்டரே தேவைப்படாமல் போகலாம்.

பின்னர் இப்படி:

ஏசியை அதன் பொத்தானில் அணையுங்கள். ஜெனரேட்டரை எந்தச் சுமையும் இல்லாமல் தொடங்கி 3 முதல் 5 நிமிடம் சூடாகவிடுங்கள். மாற்று ஆளியைத் திருப்புங்கள் அல்லது கம்பியைக் குத்துங்கள். ஏசியை முதலில் விசிறியில் மட்டும் ஒரு நிமிடம் ஓடவிட்டு, அதன் பிறகு குளிருக்கு மாற்றுங்கள். கொம்ப்ரசர் பிடித்த பின்பே விளக்கும் மற்றவையும். குளிர்சாதனப் பெட்டியும் தண்ணீர்ப் பம்பும் இதே வரிசையில் வேண்டாம். இரண்டு மோட்டார்கள் ஒரே கணத்தில் தொடங்கினால் நீங்கள் அளந்து வாங்கிய கணக்கெல்லாம் பிழைத்துவிடும்.

ஏதாவது காரணத்தால் கொம்ப்ரசர் நின்றுவிட்டால் உடனே திரும்பப் போடாதீர்கள். உள்ளே அழுத்தம் சமனாக 3 நிமிடமாவது வேண்டும். பழைய யன்னல் ஏசிகளில் இதற்கான தாமதக் கருவி கிடையாது, நாம்தான் கடிகாரத்தைப் பார்க்க வேண்டும். வெப்பநிலையை 26 பாகையில் வையுங்கள். 18இல் வைத்தால் கொம்ப்ரசர் ஓயாமல் ஓடும், அவ்வளவுதான்.

மின்சாரம் திரும்பியதும் அவசரப்படாதீர்கள். முதல் சில நிமிடங்களில் வோல்ற்றளவு ஏறி இறங்கும், சிலவேளை மறுபடி போகும். 10 நிமிடம் பொறுங்கள். ஏசியை அணைத்து, மாற்று ஆளியைத் திருப்பி, ஜெனரேட்டரைச் சுமையில்லாமல் 2 நிமிடம் ஓடவிட்டு நிறுத்துங்கள்.

2025 பெப்ரவரி 9ஆம் திகதி ஞாயிறு முற்பகல் நாடு முழுவதும் மின்சாரம் போனது. அப்போது நான் வேலை விடயமாக வெளியூரில் இருந்தேன். சுவரில் ஒட்டியிருந்த இந்த ஒழுங்கைப் பார்த்து, ஒருபோதும் இயந்திரத்தைத் தொட்டிராத அம்மா, பக்கத்து வீட்டுத் தம்பியைக் கயிறு இழுக்கச் சொல்லி, ஏசியைத் தானே இயக்கிவிட்டார். நீங்களும் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். பெரிய எழுத்தில், வீட்டில் மிக வயதானவர் கண்ணாடி இல்லாமல் படிக்கும்படி.

9. சத்தமும் அயலவரும்

1996ஆம் ஆண்டின் ஒலிக் கட்டுப்பாட்டு ஒழுங்குவிதிகளின்படி மாநகர எல்லைக்குள் பகலில் 63 டெசிபல், இரவில் 50 டெசிபல். பகல் என்பது காலை 6 முதல் மாலை 6 வரை. சாதாரண 3 கே.வீ.ஏ. இயந்திரம் 7 மீற்றரில் 70 டெசிபல் அளவில் சத்தமிடும். அதாவது இரவில் அதை வைத்துச் சட்டப்படி நிம்மதியாக நித்திரை கொள்ள முடியாது. இரவுப் பாவனைதான் உங்கள் தேவை என்றால் இன்வேர்ட்டர் ஜெனரேட்டருக்கு மேலதிகமாகக் கொடுக்கும் காசுக்குக் காரணம் இருக்கிறது.

வாங்குவதற்கு முன்பே இரு பக்கத்து வீட்டுக்கும் போய்ச் சொல்லுங்கள். எந்த இடத்தில் வைக்கப் போகிறீர்கள், புகைக்குழாய் எந்தப் பக்கம் பார்க்கும் என்று காட்டுங்கள். நாங்கள் சொல்லாமல் வைத்தோம், முறைப்பாடு வந்தது. சொல்லிவிட்டு வைத்த இடத்துக்கு இன்றுவரை வரவில்லை. எங்கள் வீட்டில் இருந்து ஒரு கம்பி இப்போது அவர்கள் குளிர்சாதனப் பெட்டிக்கும் போகிறது, ஏசி ஓடாத நேரங்களில்.

10. மாதம் ஒரு நாள்

நிறுத்திவைத்த இயந்திரத்தில் பெற்றோல் பழுதாகிப் பிசினாகும், கார்புரேற்றர் அடைக்கும். கடற்கரை வீடுகளில் உப்புக்காற்று மின்முனைகளைப் பச்சை பிடிக்கச் செய்யும். மாதத்தில் ஒரு நாள் 20 நிமிடம் ஏசியோடு சேர்த்து இயக்குங்கள். வெறுமனே ஓடவிடுவதில் பயனில்லை, சுமை வேண்டும். ஒரு மாதத்துக்கு மேல் பூட்டிவைப்பதென்றால் பெற்றோல் குழாயை மூடி, தானாக நிற்கும்வரை ஓடவிடுங்கள்.

எண்ணெய் ஏறக்குறைய 0.6 லீற்றர் பிடிக்கும். புது இயந்திரத்தில் முதல் 20 மணி நேர ஓட்டத்துக்குப் பிறகு மாற்றுங்கள், பின்னர் 100 மணி நேரத்துக்கு ஒரு முறை. ஓடிய நேரத்தை ஒரு கொப்பியில் எழுதிவாருங்கள். வெட்டுக் காலத்தில் 100 மணி நேரம் நினைத்ததைவிட விரைவில் வந்துவிடும்.

அந்தக் கொப்பியின் அட்டையில் நான் நான்கு விடயங்களை எழுதி வைத்திருக்கிறேன்: மின்சார சபையின் பழுது முறைப்பாட்டு இலக்கம் 1987, லெகோ மின்சார நிறுவனத்தின் பாவனையாளருக்கு 1910, அம்புலன்சுக்கு 1990, ஏசி நெம்பு மூடியிருக்கிறதா?